45 லட்சம் கிராண்ட் வந்திருக்கு, ஜிபியு சர்வர் வாங்கலாமா? ஹெச்பிசி (சூப்பர் கம்ப்யூட்டர்) மார்க்கெட் போற போக்கே புரியல

வரிசையில்_நிற்பவன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இதான் முதல் பதிவு, தப்பு இருந்தா கொஞ்சம் பாத்து திட்டுங்க.

மெக்கானிக்கல்ல பிஎச்டி, மூணாவது வருஷம். நான் ஓபன்ஃபோம்ல சிஎஃப்டி (காத்து, தண்ணி ஓட்டத்த கணக்கு போடறது) ரன் பண்றேன், லேப்ல இன்னும் ரெண்டு பேர் வாஸ்ப் (அணு அளவுல பொருள கணக்கு போடற சாஃப்ட்வேர்), ஒரு அக்கா குரோமாக்ஸ் (மூலக்கூறு அசைவுக்கு). இருக்கிறது ஒரே ஒரு பழைய சர்வர், ஜியான் கோல்டு 6148 சிப், ரெண்டு சாக்கெட்ல ரெண்டு, மொத்தம் 40 கோர். அதுக்கு நாலு பேர் அடிச்சிக்கிறோம். வெளிய ஒரு பெரிய கிளஸ்டர்ல (நிறைய சர்வர் சேர்ந்த மெஷின்) அக்கவுண்ட் இருக்கு, ஆனா அங்க ஜாப் போட்டா மூணு நாள் நாலு நாள் பெண்டிங்லயே நிக்குது, அதான் இந்தப் பேரே வச்சேன்.

இப்போ கைடுக்கு 45 லட்சம் கிராண்ட் வந்திருக்கு. "எல்லாரும் ஜிபியுதான் வாங்குறாங்க, நாமளும் வாங்கிடுவோம்"ங்கிறார். கொட்டேஷன் கேட்டா என்விடியா ஹெச்100 ஜிபியு ரெண்டு போட்டாலே மொத்த காசும் காலி. மார்ச் 31க்குள்ள செலவு பண்ணி யூசி (செலவு பண்ணதுக்கு சான்று) குடுக்கணும். ஜிபியுவா, சிபியு நோடா, இல்ல கிளவுட்ல போட்டு ஓட்டலாமா? மார்க்கெட் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஏஐ_ஆறுமுகம்

இதுல என்ன ப்ரோ டவுட்டு, ஜிபியுதான். உலகமே அங்கதான் போகுது. டாப்500னு உலக சூப்பர் கம்ப்யூட்டர் லிஸ்ட் இருக்கே, எடுத்துப் பாருங்க, எல் கேப்பிடன், ஃப்ரான்டியர், அரோரா, ஜெர்மனில ஜூபிடர், எக்ஸாஸ்கேல் (ஆயிரம் பெட்டாஃபிளாப்ஸ் வேகம்) தொட்ட எல்லாத்துலயும் கணக்கு போடறது ஜிபியுதான். சிபியு மட்டும் வச்சு இனிமே யாரும் பெரிய மெஷின் கட்டப்போறது இல்ல. இப்போ வாங்கலன்னா அஞ்சு வருஷத்துக்கு வருத்தப்படுவீங்க.

மெஷ்மாமா

ஆறுமுகம் சொல்றது பொய்யில்ல, ஆனா தம்பி கேட்டது எல் கேப்பிடன் வாங்கறதப் பத்தி இல்லையே.

தம்பி, ஒண்ணு கேக்கறேன். அந்த 40 கோர் சர்வர்ல உன் ஓபன்ஃபோம் கேஸ 10 கோர், 20 கோர், 30, 40ன்னு போட்டு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு என்னைக்காவது அளந்து பாத்தியா? பாக்காம ஒரு ரூபா செலவு பண்ணாத. அளந்துட்டு வா, அப்புறம் பேசுவோம்.

வரிசையில்_நிற்பவன்

அளந்ததில்ல அண்ணே. எப்பவும் 40 போட்டுத்தான் ஓட்டுவேன், சர்வர்ல இருக்கிறதே 40 தானேன்னு. இன்னைக்கு ராத்திரி போட்டுப் பாத்து சொல்றேன்.

பழைய_ஃபோர்ட்ரான்

பையன் அளக்கறதுக்குள்ள கிழவன் கொஞ்சம் பேசிக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல ஹெச்பிசின்னு ஒரு வார்த்தையே எங்க காதுல விழல, சூப்பர் கம்ப்யூட்டர்னுதான் சொல்வோம். 80கள் கடைசில அமெரிக்கா பெரிய க்ரே சூப்பர் கம்ப்யூட்டர நமக்குக் குடுக்க இழுத்தடிச்சதும், 1988ல சிடாக்னு அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்சதும், 1991ல டிரான்ஸ்பியூட்டர் சிப்ப வரிசையா அடுக்கி பரம் 8000னு நம்ம சொந்த மெஷின் வந்ததும் பேப்பர்ல படிச்சு ஆளாளுக்கு நெஞ்ச நிமித்திக்கிட்டோம். ஆனா அப்புறம் நடந்தது என்னன்னா, கைல இருந்த கோட அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தி எழுதவே எங்களுக்கு ரெண்டு வருஷம் போச்சு. மெஷின் வந்துடும், கோடு வராது. 35 வருஷமா இதேதான்.

அன்னைக்கு மிஷின் தரமாட்டேன்னாங்க. இன்னைக்கு தரேங்கறான், ஆனா உனக்கு வேணுங்கிற மிஷின் இல்ல, அவனுக்கு விக்கிற மிஷின். எஃப்பி64 கதைய யாராவது சொல்லுங்கப்பா, எனக்கு கை வலிக்குது.

மூலக்கூறு_அக்கா

நான் சொல்றேன் சார்.

தம்பி இதக் கவனமா படிங்க, ஏன்னா கொட்டேஷன்ல இது எங்கயும் இருக்காது. நம்ம சிமுலேஷன்ல பெரும்பாலானதுக்கு வேண்டியது 64 பிட் கணக்கு, டபுள் பிரிசிஷன். ஏஐக்கு அது வேண்டாம், 16 பிட், 8 பிட், இப்போ 4 பிட் வரைக்கும் இறங்கிட்டாங்க. சிப் கம்பெனிக்கு பணம் எங்க இருந்து வருதோ அங்கதான் சிலிக்கான் இடத்த ஒதுக்குவான். என்விடியா கணக்கே எடுத்துக்குங்க. 2017ல வந்த வி100ல எஃப்பி64 (அந்த 64 பிட் வேகம்) சுமார் 7.8 டெராஃபிளாப்ஸ் (ஒரு டெரான்னா செகண்டுக்கு லட்சம் கோடி கணக்கு, ஆயிரம் டெரா ஒரு பெட்டா). 2020ல ஏ100, 9.7. அப்புறம் ஹெச்100ல 34, டென்சர் கோர்ல (மேட்ரிக்ஸ் பெருக்கறதுக்குன்னே உள்ள பகுதி) போட்டா 67. இது வரைக்கும் ஏறுமுகம். அதுக்கப்புறம் பி200 வந்தப்போ கிட்டத்தட்ட அதே இடத்துல நின்னுடுச்சு. அதுக்கு அடுத்த பி300ல 1.3 பக்கம்தான். ஆமா, ஒண்ணு புள்ளி மூணு. 2017 கார்டுல இருந்ததுல ஆறுல ஒரு பங்கு. புதுசு, விலை ஜாஸ்தி, கரண்டும் ஜாஸ்தி, வாஸ்ப் ஓட்டறவங்களுக்கு எட்டு வருஷம் பின்னாடி.

அதுனால "லேட்டஸ்ட்தான் பெஸ்ட்"னு செல்போன் வாங்கற மாதிரி வாங்கிடாதீங்க. ஏஎம்டி பக்கம் எம்ஐ300ஏல எஃப்பி64 இன்னும் நல்லா இருக்கு, எல் கேப்பிடன்ல இருக்கிறதே அதான். ஆனா அங்கயும் அடுத்த தலைமுறைல மேட்ரிக்ஸ் கணக்கோட எஃப்பி64 வேகத்த பாதிக்கு மேல குறைச்சுட்டாங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுதா?

உங்க லேப் குரோமாக்ஸ் அக்காவுக்கு மட்டும் இது பிரச்சனையே இல்ல. குரோமாக்ஸ் மிக்ஸட் பிரிசிஷன்ல (பெரும்பாலும் 32 பிட்ல) ஓடும், ஒரு 4090 கேமிங் கார்டுல பறக்கும். நானே அதுலதான் பாதி தீசிஸ் முடிச்சேன்.

ஏஐ_ஆறுமுகம்

அக்கா அந்த எஃப்பி64 பஞ்சாங்கத்த ரொம்ப நாளா பாடறாங்க எல்லாரும். இப்போ எமுலேஷன் வந்துடுச்சே. ஒசாக்கி ஸ்கீம்னு ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சது, 64 பிட் நம்பர சின்னச் சின்ன துண்டா வெட்டி 8 பிட் டென்சர் கோர்ல போட்டு கணக்குப் பண்ணி திரும்ப ஒட்டறது. என்விடியாவோட கியூப்ளாஸ் லைப்ரரிலயே சேர்த்துட்டாங்க. தனியா எஃப்பி64 ஹார்டுவேர் எதுக்கு?

மூலக்கூறு_அக்கா

> தனியா எஃப்பி64 ஹார்டுவேர் எதுக்கு?

ஒசாக்கி நல்ல விஷயம்தான், நான் இல்லைங்கல. ஆனா அது பெரிய அடர்த்தியான மேட்ரிக்ஸ் ரெண்ட பெருக்கற இடத்துக்கு. தம்பியோட ஓபன்ஃபோம்ல பிரஷர் ஈக்வேஷன் இருக்கே, அது பூரா ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ், கிட்டத்தட்ட எல்லாமே பூஜ்ஜியம். அங்க வெட்டி ஒட்ட ஒண்ணுமே இல்ல. வெறும் வயித்துல எவ்ளோ வேகமா மென்னா என்ன.

மெஷ்மாமா

மென்னு தின்ற உதாரணம் சூப்பர் அக்கா. அதையே நான் வேற மாதிரி சொல்றேன், எல்லாரும் கொண்டாடற டாப்500 நம்பர வச்சே.

அந்த லிஸ்ட்ல ரேங்க் குடுக்கறது லின்பேக் டெஸ்ட், அடர்த்தியான மேட்ரிக்ஸ். எல் கேப்பிடன் 2024 நவம்பர்ல 1.742 எக்ஸாஃபிளாப்ஸ் எடுத்து முதல் இடம். அதே ஆளுங்க ஹெச்பிசிஜின்னு இன்னொரு டெஸ்ட் வச்சிருக்காங்க, அது நம்மள மாதிரி ஸ்பார்ஸ் வேலைக்குக் கிட்ட வரும். அதுல அதே எல் கேப்பிடன் 17.4 பெட்டாஃபிளாப்ஸ். அதாவது நூத்துல ஒரு பங்கு. ஜப்பான் ஃபுகாகு சிபியு மட்டுமே உள்ள மெஷின், லின்பேக்ல 442 பெட்டாதான், ஆனா ஹெச்பிசிஜில 16 எடுத்து 2020லேர்ந்து அஞ்சு வருஷம் முதல் இடத்த விடவே இல்ல. காரணம் அதோட சிபியு பக்கத்துலயே ஹெச்பிஎம்னு ரொம்ப வேகமான மெமரி ஒட்டி வச்சிருக்கான். கணக்கு போடற வேகத்த விட, மெமரிலேர்ந்து டேட்டா எடுத்துக் குடுக்கற வேகம் முக்கியம்னு நெனச்சு கட்டினது.

அடுப்பு எட்டு வச்சிருக்கற ஓட்டல்ல சரக்கு தூக்கிட்டு வர ஒரே பையன் இருந்தா எப்படியோ அப்படி.

ரூட்_யூசர்

நானும் வந்துட்டேன், நான் ஒரு கிளஸ்டர்ல அட்மின், எங்கன்னு கேக்காதீங்க, என் யூசர்ஸ் பாதி பேர் இங்கதான் சுத்துறாங்க.

தம்பி, உங்க ஜாப் மூணு நாள் பெண்டிங்னு சொன்னீங்க. வால்டைம், அதாவது ஜாப் ஓட நேரம், எவ்ளோ கேக்கறீங்க?

வரிசையில்_நிற்பவன்

72 மணி நேரம் சார். அதான் மேக்ஸிமம்.

ரூட்_யூசர்

நிஜமா எவ்ளோ நேரம் ஓடுது?

வரிசையில்_நிற்பவன்

ஒரு 9 மணி, 10 மணி நேரம்...

ரூட்_யூசர்

😑

தினமும் இதத்தான் பாக்கறேன். ஸ்லர்ம்ல (ஜாப் கியூவ நடத்தற சாஃப்ட்வேர்) பேக்ஃபில்னு ஒண்ணு இருக்கு. பெரிய ஜாப் ஒண்ணு நூறு நோடுக்குக் காத்துட்டு இருக்கும்போது, அது ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சிடற சின்ன ஜாப் இருந்தா நடுவுல செருகி ஓட்டிடும். நீங்க 72 போட்டா எந்த இடுக்குலயும் நுழைய முடியாது. 12 போடுங்க, பாதி நாள் அன்னைக்கே ராத்திரி ஓடிடும். பஸ்ல ஒரு சீட்டுக்கு துண்டு போடலாம், பின் சீட்டு மொத்தத்துக்கும் துண்டு போட்டா கண்டக்டர் ஏத்த மாட்டார்.

அடுத்து, ஒரே ஃபோல்டர்ல எத்தன ஃபைல் இருக்கு? ஓபன்ஃபோம்னா ஒவ்வொரு ப்ராஸஸருக்கும் ஒரு ஃபோல்டர், எழுதி வைக்கற ஒவ்வொரு டைம் ஸ்டெப்புக்கும் ஒரு ஃபோல்டர். லஸ்டர் மாதிரி ஃபைல் சிஸ்டம் பெரிய ஃபைலுக்கு ராஜா, லட்சக்கணக்குல சின்ன ஃபைல் போட்டா மெட்டாடேட்டா சர்வர் மூச்சு முட்டிடும், உங்க ஒருத்தரால 300 பேருக்கு எல்எஸ் (ஃபைல் லிஸ்ட் காட்டற கமாண்ட்) அடிச்சா டீ குடிச்சிட்டு வர வேண்டியிருக்கும். ஓபன்ஃபோம்ல கொலேட்டட்னு, எல்லா ப்ராஸஸர் டேட்டாவயும் சேர்த்து எழுதற ஒரு ஃபைல் ஃபார்மட் இருக்கு, அத போடுங்க. ஏஐ பசங்க காண்டா என்வைரன்மென்ட்ட (பைத்தான் பேக்கேஜ் மூட்டை) ஹோம்ல பத்து தடவ இன்ஸ்டால் பண்றதுக்கும் இதேதான், ஆப்டெய்னர்னு கன்டெய்னர்ல போட்டா ஒரே ஃபைலா போயிடும்.

இன்னொரு_பிஎச்டி

சார் இதெல்லாம் யாருமே எங்களுக்கு சொல்லித் தரல சார். அக்கவுண்ட் குடுத்தாங்க, ஒரு பிடிஎஃப் குடுத்தாங்க, அவ்ளோதான். சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா "யுவர் டிக்கெட் ஹேஸ் பீன் ரிஜிஸ்டர்ட்"னு வரும், அதோட சரி. நான் பயன்படுத்தற இடத்தோட பேர சொல்ல விரும்பல, ஆனா லாகின் நோட்ல (எல்லாரும் உள்ள நுழையற பொது சர்வர்) பைத்தான் ஸ்கிரிப்ட் ஓட்டினேன்னு அக்கவுண்ட்ட ஒரு வாரம் முடக்கிட்டாங்க, அதுவரைக்கும் லாகின் நோட்ல ஓட்டக்கூடாதுன்னே எனக்குத் தெரியாது. எல்லாரும் கூடி நின்னு சிரிச்சாங்க.

ரூட்_யூசர்

சிரிச்சது தப்பு. ஆனா எங்க பக்கமும் கேளுங்க. மெஷினுக்கு கோடிக்கணக்குல காசு வரும், அத ஓட்டற ஆளுக்கு கான்ட்ராக்ட் சம்பளம், வருஷா வருஷம் ரின்யூவல். ரெண்டு வருஷம் கத்துக்கிட்டதும் பெங்களூர்ல யாரோ மூணு மடங்கு குடுத்து தூக்கிட்டுப் போயிடறான். நாங்க ரெண்டே பேர், யூசர் 400 பேர். ஓஎஸ் மாத்தறது, யூபிஎஸ் பேட்டரி செத்தா போன் பண்றது, ஏசி லீக் ஆனா பக்கெட் வைக்கறது எல்லாம் நாங்கதான். பக்கெட் விஷயம் விளையாட்டுக்கு சொல்லல.

சென்ட்ஓஎஸ்னு இலவச லினக்ஸ் இருந்துச்சே, அந்தக் கூத்து ஞாபகம் இருக்கா? 2020 டிசம்பர்ல ரெட்ஹேட் சென்ட்ஓஎஸ் 8ஐ அடுத்த வருஷத்தோட மூடறோம்னு சொன்னதும் அத்தன கிளஸ்டரும் ராக்கி, அல்மான்னு மாற்று லினக்ஸுக்கு ஓட ஆரம்பிச்சாங்க. நாங்க 7லயே இருந்தோம், அதுவும் 2024 ஜூன் 30ஓட முடிஞ்சது. மாத்தினதும் பழைய லைப்ரரில கம்பைல் பண்ண கோடு எல்லாம் செத்துச்சு, எல்லாரும் எங்களத்தான் திட்டினாங்க.

வடமராட்சி

வணக்கம். நான் ஜேர்மனியில இருக்கிறன், ஹெச்பிசி சம்பந்தப்பட்ட வேலைதான். உங்கட கதையளைப் பாக்க எனக்கு ஒரு ஆறுதல், இஞ்சயும் இதே பிரச்சினைதான் எண்டு சொல்ல வந்தன்.

யூலிஷ் எண்ட ஊரில ஜூபிடர் 2025 செப்டம்பரில திறந்தவை. கிட்டத்தட்ட 24,000 கிரேஸ் ஹொப்பர் சிப். ஐரோப்பாவின்ர முதலாவது எக்ஸாஸ்கேல். தண்ணியால குளிராக்கி அந்தச் சூட்டைக் கட்டிடங்களுக்குப் பாவிக்கிற மாதிரித் திட்டம் எல்லாம் இருக்கு, நல்ல விஷயம். ஆனா நான் பாக்கிற ஆக்களில முக்கால்வாசிப் பேரின்ர கோட் இன்னும் ஜிபியுவில ஏறேல்ல. ஃபோர்ட்ரானில 30 வருஷமா எழுதின காலநிலை மொடல், எழுதின ஆள் பென்ஷன் எடுத்திட்டார், இப்ப உள்ள பெடியளுக்கு அதைத் தொடப் பயம்.

மற்றது ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு பாஷை. என்விடியாவுக்கு கூடா, ஏஎம்டிக்கு ஹிப், அரோராவில இன்டெல்லுக்கு சிக்கிள். கூடாவில எழுதினது மற்றதில அப்பிடியே ஓடாது, கொக்கோஸ் மாதிரி ஒரு நடுவான லேயரைப் பிடிச்சாத்தான் தப்பலாம், அதுக்கும் சி பிளஸ் பிளஸ் நல்லாத் தெரிஞ்ச ஆள் வேணும். அந்த ஆளை ஏஐ கொம்பனிகள் கொத்திக்கொண்டு போயிடுவினம்.

பழைய_ஃபோர்ட்ரான்

வடமராட்சி, எழுதினவன் பென்ஷன் வாங்கிட்டான்னு போட்டீங்களே, அது நான்தான், வேற ஊர்ல.

அரோரா கதையையும் சொல்லிடறேன், ஒரே கம்பெனிய நம்பினா என்ன ஆகும்னு இந்தப் பசங்களுக்குத் தெரியட்டும். 2015ல அறிவிக்கும்போது அது 180 பெட்டாஃபிளாப்ஸ் மெஷின், 2018ல வரும், இன்டெல் ஜியான் ஃபை சிப்னாங்க. உலகம் பூரா கோட அந்த ஃபைக்குத் தகுந்த மாதிரி மாத்திட்டு இருந்தாங்க. 2017ல இன்டெல் அதுக்குப் போட இருந்த சிப்பையே கைவிட்டுடுச்சு. அப்புறம் எக்ஸாஸ்கேலா மாத்தறோம்னு தள்ளித் தள்ளி, லிஸ்ட்ல எக்ஸாஃபிளாப்ஸ் தாண்டினது 2024 மே மாசம். கட்டினவங்க சமாளிச்சுட்டாங்க. ஃபைக்கு கோடு மாத்தின பிஎச்டி பசங்க?

ரூட்_யூசர்

இப்போ என் பயம் வேற. 2020ல மெலனாக்ஸ வாங்கினதோட இன்ஃபினிபேண்ட் (சர்வர்கள இணைக்கற வேகமான நெட்வொர்க்) என்விடியா கைக்கு வந்துச்சு. 2022ல பிரைட்னு கிளஸ்டர் மேனேஜர் கம்பெனிய வாங்கினாங்க. 2025 டிசம்பர்ல ஸ்லர்ம் எழுதற ஸ்கெட்எம்டியையும் வாங்கிட்டாங்க. சிப்பு, கேபிளு, மேனேஜரு, கியூவு, எல்லாம் ஒரே வீட்டுல. ஸ்லர்ம் ஓபன் சோர்ஸாவே தொடரும்னு சொல்லியிருக்காங்க, சரி. ஆனா ஏஎம்டி கார்டுக்கு ஒரு பக் வந்தா அத யாரு முதல்ல சரி பண்ணுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

ஏஐ_ஆறுமுகம்

ரொம்ப பயப்படறீங்க. ஃப்ரான்டியர், அரோரா, எல் கேப்பிடன் மூணுலயும் நெட்வொர்க் ஹெச்பிஇ ஸ்லிங்ஷாட்தான், இன்ஃபினிபேண்டே இல்ல. அல்ட்ரா ஈதர்நெட்னு பொது நெட்வொர்க் ஸ்பெக் 1.0வும் 2025ல வந்தாச்சு. போட்டி இருக்கத்தான் செய்யுது.

ரூட்_யூசர்

ஸ்பெக் வந்தாச்சு. என் ரேக்குக்கு எப்போ வரும், எல்1ல (டெண்டர்ல குறைஞ்ச விலை) யார் கொட்டேஷன் போடுவா?

டெண்டர்_தம்பி

எல்1னு சொன்னதும் முழிப்பு வந்துடுச்சு. நான் விக்கிற பக்கம் இருக்கறவன், அதனால கொஞ்சம் உண்மை சொல்றேன், கம்பெனி பேர் கேக்காதீங்க.

45 லட்சம்னு கைல இருக்கறது 45 லட்சம் இல்ல தம்பி. 2022 ஜூலை 18க்கு முன்னாடி அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை இருந்தது. அத எடுத்துட்டாங்க, இப்போ 18. ஆக 38 லட்சத்துக்குத்தான் சாமான். அதுல யூபிஎஸ், ஏசி, ரேக், மூணு வருஷ வாரண்டி. அடுத்து ரேம் விலை. 2025 கடைசிலேர்ந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரிய மொத்தமா அள்ளிட்டுப் போறதுல டிடிஆர்5 விலை ஏறுன ஏத்தம் இருக்கே, மைக்ரான் தன்னோட க்ரூஷியல் பிராண்டையே மூடறேன்னு அறிவிச்சுட்டான், சில்லறை யாவாரமே வேண்டாம்னு. முன்ன நாங்க கொட்டேஷன் குடுத்தா 90 நாள் செல்லும்னு போடுவோம். இப்போ ஏழு நாள், சில சமயம் மூணு நாள். உங்க பர்ச்சேஸ் கமிட்டி கூடறதுக்கே ஒரு மாசம் ஆகும், அப்புறம் "ஏன் விலை மாத்திட்டீங்க"ன்னு எங்கள சண்டைக்குக் கூப்பிடுவாங்க.

இன்னொண்ணு. எட்டு ஹெச்100 இருக்கற பெரிய பெட்டி ஒண்ணு 10 கிலோவாட் வரைக்கும் இழுக்கும். ஒரு காலேஜுக்கு அந்த மாதிரி ஒரு பெட்டி இறக்கினோம், பேர் வேண்டாம். வாசல்ல தேங்கா உடைச்சு போட்டோ எல்லாம் எடுத்தாங்க. அப்புறம் பாத்தா லேப்ல ஒரே ஒரு 10 கேவிஏ யூபிஎஸ், அதுலயே ஸ்மார்ட் போர்டும் ஓடுது. எலக்ட்ரிக்கல் எஸ்டிமேட் போட்டு வேலை முடியறதுக்குள்ள ஏழு மாசம் அட்டைப் பெட்டிலயே கிடந்தது. வாரண்டி மட்டும் டெலிவரி தேதிலேர்ந்து ஓட ஆரம்பிச்சுடுச்சு.

மெஷ்மாமா

அந்த ஏழு மாசத்துல அடுத்த மாடல் வந்திருக்குமே 😂

வரிசையில்_நிற்பவன்

நேத்து ராத்திரி பூரா உக்காந்து அளந்தேன் அண்ணே. 80 லட்சம் செல் மெஷ், அதே கேஸ், 100 டைம் ஸ்டெப்.

10 கோர்: 41 நிமிஷம்
20 கோர்: 24 நிமிஷம்
30 கோர்: 21 நிமிஷம்
40 கோர்: 21.5 நிமிஷம்

மூணு வருஷமா 40 கோர்ல ஓட்டிட்டு இருந்தேன். 20 போட்டிருந்தா கிட்டத்தட்ட அதே நேரம், மிச்ச 20ல வாஸ்ப் பையன் ஓட்டியிருக்கலாம், சண்டையே வந்திருக்காது. இது ஏன் இப்படி?

மெஷ்மாமா

சபாஷ். இதத்தான் பாக்கச் சொன்னேன்.

6148ல ஒரு சாக்கெட்டுக்கு ஆறு மெமரி சேனல், மொத்தம் செகண்டுக்கு 128 ஜிபிதான் வரும். அரை பங்கு கோர் போட்டதுமே குழாய் நிரம்பிடுச்சு, அதுக்கு மேல போட்ட கோர் எல்லாம் சும்மா குடத்த வச்சுக்கிட்டு வரிசைல நிக்குது. நீ வெளிய கியூல நிக்கறேன்னு பேர் வச்சிருக்க, உள்ள உன் கோரும் கியூலதான் நிக்குது.

சேர்ந்து ஓட்டும்போது நீயும் வாஸ்ப் பையனும் ஆளுக்கொரு சாக்கெட் எடுத்துக்கங்க. 20 கோர ரெண்டு சாக்கெட்லயும் கலந்து அலைய விட்டா ரெண்டு பேரும் ஒரே குழாய்லதான் முட்டுவீங்க. ஒரு சாக்கெட்டுக்குள்ளயே கட்டி நிறுத்தினா (பின் பண்றது) உனக்குக் கொஞ்சம் மெதுவா ஆகும், ஆனா ரெண்டு பேர் வேலையும் நடக்கும்.

வாங்கறதுக்கு: ஏஎம்டி ஜெனோவா வகைல சாக்கெட்டுக்கு 12 சேனல் டிடிஆர்5, செகண்டுக்கு 460 ஜிபி. ரெண்டு சாக்கெட் போட்டா உன் பழைய சர்வர விட மூணரை மடங்கு. ஜெனோவா எக்ஸ்னு பெரிய கேச்சோட (சிப்புக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) வருது, 9684எக்ஸ்ல எல்3 கேச் மட்டும் 1 ஜிபிக்கு மேல. 96 கோர்தான் வேணும்னு இல்ல, 32 கோர் 9384எக்ஸ்லயும் 768 எம்பி கேச், அதே 12 சேனல். உனக்கு அது போதும். ஒண்ணு மட்டும், 12 சேனல்லயும் ரேம் போடணும். காசு மிச்சம் பண்றேன்னு எட்டு ஸ்லாட்ல பெரிய ஸ்டிக் போட்டு குடுப்பானுங்க, அதோட மூணுல ஒரு பங்கு வேகம் போச்சு. டெண்டர் ஸ்பெக்லயே எழுதிடு.

டெண்டர்_தம்பி

குடுப்பானுங்கன்னு பொதுவா சொல்லாதீங்க அண்ணே 😅 ஆனா எழுதிடுங்க, எழுதலன்னா எல்1 அப்படித்தான் வருவான்.

இன்னொரு_பிஎச்டி

கிளவுட் பத்தி யாரும் பேசலையே? மார்ச்சுக்குள்ள செலவு பண்ணணும்னா அதானே ஈஸி?

வடமராட்சி

கிளவுட் அவசரத்துக்கு நல்லது. பேப்பருக்கு ரிவியூவர் இன்னும் ரெண்டு ரன் கேட்டால், ஸ்பொட் இன்ஸ்டன்ஸ் (மலிவு வாடகை மெஷின்) எடுத்து ஓட்டலாம், இடையில பறிச்சாலும் செக்பொயின்ட் இருந்தாத் தொடரலாம். ஆனா வருஷம் முழுக்க 24 மணித்தியாலமும் ஓடுற வேலைக்குக் கட்டாது. இன்னொரு பொறி, டேட்டாவை வெளிய எடுக்கிற காசு. ஒரு ஜிபிக்கு 9 சதம் டொலர் எண்டு பாக்கச் சின்னனாத் தெரியும், 10 டிபி ரிசல்ட்டை வீட்ட கொண்டுவர 900 டொலர். உள்ள விடுறது இலவசம், வெளிய எடுக்கத்தான் காசு, எலிப்பொறி மாதிரி.

மூலக்கூறு_அக்கா

அரசு பக்கம் உள்ளதையும் முழுசா பயன்படுத்துங்க. தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷன் 2015ல 4,500 கோடில ஆரம்பிச்சது, அதுல வந்த மெஷின்தான் திருச்சி என்ஐடில இருக்கற பரம் பொருள், 2022 மே மாசம் திறந்தது, 838 டெராஃபிளாப்ஸ். பெங்களூர் ஐஐஎஸ்சில பரம் பிரவேகா 3.3 பெட்டாஃபிளாப்ஸ். இண்டியா ஏஐ மிஷன் 10,372 கோடில ஜிபியு மானிய விலைல தருது, ஆனா அது ஏஐ வேலைக்கு. ப்ரபோசல்ல "மெஷின் லேர்னிங்"ன்னு ஒரு வார்த்தை போட்டு உள்ள வாஸ்ப் ஓட்டலாம்னு யோசிக்காதீங்க, நான் யாரையும் பாத்து சொல்லல.

இன்னொரு_பிஎச்டி

பேரு பொருள், கேட்டா நம்மகிட்ட இல்லாததும் பொருள் 🥲

பழைய_ஃபோர்ட்ரான்

ஒரு நல்ல சேதியும் சொல்லிடுவோம், பசங்க சோர்ந்து போயிடப் போறாங்க. புனேல அர்கா, நொய்டால அருணிகா, ரெண்டு சூப்பர் கம்ப்யூட்டரும் 2024 செப்டம்பர்ல வந்தது. வானிலைக்கு மட்டும். அர்கா 11.77 பெட்டாஃபிளாப்ஸ். 2025 மே மாசம் பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம் ஆரம்பிச்சப்போ 12 கிலோமீட்டர் கட்டம் 6 கிலோமீட்டரா ஆச்சு. மழை எந்த ஊர்ல பெய்யும்னு சொல்ல முடியாம வட்டாரத்துக்கே பொதுவா சொல்லிட்டு இருந்ததுக்கு அது பெரிய வித்தியாசம். அங்க ஏன் நடந்ததுன்னா கோடு, ஆளு, மெஷின் மூணும் ஒரே கட்டடத்துல இருக்கு.

ஏஐ_ஆறுமுகம்

ஐரோப்பிய வானிலை மையம் 2025 பிப்ரவரில ஏஐஎஃப்எஸ்னு ஏஐ மாடலையே தினசரி வேலைக்குப் போட்டுட்டாங்களே சார், அத சொல்லலையே.

பழைய_ஃபோர்ட்ரான்

போட்டாங்க, நல்லாவும் இருக்கு. பழைய மாடல நிறுத்தலையே, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடுது. அந்த ஏஐ படிச்சது எதுலேர்ந்து? பழைய ஃபிஸிக்ஸ் மாடல் வருஷக்கணக்கா ஓடிக் குடுத்த டேட்டாலேர்ந்து. பாட்டி சமையல சாப்ட்டு வளர்ந்துட்டு பாட்டிக்கு சமைக்கத் தெரியாதுங்கற மாதிரி பேசக்கூடாது.

ஏஐ_ஆறுமுகம்

சரி சார், இதுக்கு நான் பதில் சொல்லல 🙏

வரிசையில்_நிற்பவன்

எல்லாருக்கும் பெரிய நன்றி. இந்த இழைய பிரிண்ட் எடுத்து கைடு மேஜைல வச்சேன் (டெண்டர் தம்பி சொன்ன தேங்கா கதைய மட்டும் மறைச்சுட்டேன், எங்க டீன் தேங்கா உடைக்கற ஆளு). முதல்ல மூஞ்ச சுளிச்சார், "எல்லா டிபார்ட்மென்ட்டும் ஜிபியு வாங்குது, நாம மட்டும் சிபியு வாங்கினா என்ன நெனப்பாங்க"ன்னார். அந்த நாலு வரி நேரக் கணக்க காட்டினதும் கொஞ்ச நேரம் பேசல.

இப்போதைக்கு முடிவு: ஜெனோவா எக்ஸ் 32 கோர், ரெண்டு சாக்கெட் நோடு ரெண்டு, 12 சேனலும் நிரப்பி, ஸ்பெக்ல எழுதியாச்சு. குரோமாக்ஸ் அக்காவுக்கு ஒரு வொர்க்ஸ்டேஷன், கேமிங் கார்டு. வாஸ்ப் ஆளுங்க இப்போதைக்கு சிபியுலயே, ஜிபியு வேணும்னா வெளி கிளஸ்டர்ல ஏ100 கியூ. எலக்ட்ரீஷியன இன்னைக்கே கூப்பிட்டுக் காட்டிட்டோம், லோடு தாங்கும்னார், ஏசி மட்டும் ரெண்டாவது வேணுமாம்.

வெளி கிளஸ்டர்ல 12 மணி நேரம் போட்டு ஜாப் குடுத்தேன் ரூட் சார். சாயங்காலம் 6:40க்கு போட்டது 8:15க்கு ஓட ஆரம்பிச்சுடுச்சு.

ரூட்_யூசர்

பேர மாத்திக்கோங்க.

அந்த 4090ல ஒண்ணு, என்விடியா கேமிங் டிரைவர் லைசன்ஸ்ல டேட்டா சென்டர்ல வைக்கக்கூடாதுன்னு இருக்கு, அக்கா டேபிளுக்குக் கீழயே இருக்கட்டும். ரேக்குக்குள்ள ஏத்திடாதீங்க.

மூலக்கூறு_அக்கா

டேபிளுக்குக் கீழ வச்சா மழைக்காலத்துல கால் குளிராது, அனுபவத்துல சொல்றேன். மே மாசம் வேற டேபிள் பாத்துக்கங்க.

டெண்டர்_தம்பி

தம்பி, கொட்டேஷன் வந்த தேதி என்னன்னு பாருங்க. ரேம் நேத்து திரும்ப ஏறியிருக்கு.

வரிசையில்_நிற்பவன்

போன வியாழன்... ஐயோ. இப்போவே கைடுகிட்ட ஓடறேன்.